ஏழு ராத்தல் இரும்பு

விமானத்தின் கைப்பிடியை முழுவதும் இழுத்துக் கயிற்றால் கட்டிவிட்டு, பொன்னையா இறங்கி வந்து விரல்களால் அளந்து பார்த்தான். இடப்பக்கச் சிறகின் பின்விளிம்பில் கீல் போட்டுத் தொங்கிய பலகை நன்றாகத் தாழ்ந்திருந்தது. வலப்பக்கத்துப் பலகை நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. மூன்றாவது தடவையும் அதே நான்கு விரல்.

தோட்டத்து வெள்ளைக்கார உதவி மேனேஜரான சின்னதுரை அந்தப் பலகைகளுக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொல்வார். பொன்னையாவுக்கு அவை காதுகள். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் இஞ்சினைப் பார்த்துக்கொள்வதுதான் அவன் வேலை. ஆனால் எட்டு மாதமாகப் பாதி நாள் பழைய குதிரை லாயத்திலேயே கழிந்தது. ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டையில் விமானம் ஓட்டி, ஒரு காலை இழுத்து நடக்கிறவராகத் தோட்டத்துக்கு வந்த சின்னதுரை, மூங்கிலும் துணியும் மோட்டார் சைக்கிள் இஞ்சினும் வைத்துத் தனக்கென்று ஒன்றை அங்கே கட்டிக்கொண்டிருந்தார். இறங்கும் நேரத்தில் கைப்பிடியை இழுத்தால் இரண்டு காதும் சேர்ந்து தாழ வேண்டும். அப்போதுதான் வேகம் குறைந்து பதமாக இறங்கும். ஒன்று முந்தி மற்றது பிந்தினால்? பொன்னையா இரண்டு கைகளையும் விரித்து ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தான். விமானம் ஓடப்போகும் புல்மேட்டின் முடிவில் தரையே கிடையாது. பெரகல ரோடு வெகு கீழே நூல்போலத் தெரியும்.

"தொரை, வலது காது பிந்துதுங்க. அந்தப் பக்கத்துக் கம்பி நீளம், இழுக்க இழுக்கத் தொய்யுது. குறுக்கால ஒரு இரும்புக் குழாயப் போட்டு ரெண்டையும் சேத்துட்டா…"

"இரும்பு வேணாம். கனம்." ஒவ்வொரு ஆணியையும் நிறுத்துப் பார்த்தே அடித்த மனிதர் அவர். "கம்பி முறுக்கு. உனக்கு ஸ்டோர் இஞ்சின் தெரியும். காத்து தெரியாது."

முறுக்கினான். மறுநாள் காலையில் கம்பி மறுபடி தொய்ந்திருந்தது. சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் எல்லாம் பார்க்க வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலையிலேயே சின்னதுரை விருந்தாளிகளை அழைத்துவர அப்புத்தளைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் சோறு கொண்டுவந்த ஜெயலெட்சுமி, புருஷன் சுத்தியலும் கையுமாக விமானத்துக்குள் குனிந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றாள். கம்பிகள் அறுத்தெறியப்பட்டுத் தரையில் கிடந்தன.

"தொரை சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப ஏன் தொட்டீங்க? விழுந்தா, பொன்னையா கை வச்சான்னுதான சொல்லுவாங்க. பேர் வெட்டி வேலைய விட்டு நிறுத்துறதோட விடமாட்டாங்க. ஜெயிலுதான்."

"தொடாட்டியும் விழுவாரு."

"அது அவரு விதின்னு போயிரும்ல?"

அவள் சொன்னது நியாயம்தான். சோற்றை வைத்துவிட்டு அவள் போனதும், இலை காயவைக்கும் மெஷினிலிருந்து கழற்றிப் போட்ட பழைய குழாயை எடுத்து நிறுத்தான். ஏழு ராத்தல். அதை இந்தக் காதுக்கும் அந்தக் காதுக்கும் குறுக்கே கொடுத்து, தகட்டில் வெட்டிய கைகளை இரண்டு முனையிலும் ஆணி வைத்துத் தறைந்து, கைப்பிடியிலிருந்து ஒரே தண்டால் குழாயைச் சுழல வைத்தான். பொழுது சாயும்போது கைப்பிடியை இழுத்தான். இரண்டு காதும் ஒரே சத்தத்தோடு இறங்கின. அளந்தான். ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான். ஆனால் துரைமாரும் அவர்களுடைய துரைசாணிமாரும் புல்மேட்டில் கூடிவிட்டார்கள். சின்னதுரை யாரையும் பார்க்காமல் நேரே வந்து ஏறி உட்கார்ந்தார்.

"தொரை, ஒரு வார்த்த…"

அதற்குள் அவர் கைப்பிடியை இழுத்துவிட்டார். முகம் மாறியது. மெல்லத் திரும்பிக் குழாயைப் பார்த்தார்.

"என்ன செஞ்சே?"

"சேத்துப்புட்டேங்க. ஏழு ராத்தல் கூடியிருக்கு."

அவர் வாயைத் திறந்தபோது, தோட்டத்துப் பெரியதுரை கடிகாரத்தைப் பார்த்தபடி இங்கிலீஷில் ஏதோ சத்தமாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னதுரையின் கழுத்து சிவந்தது.

"நான் செத்தா, கொன்னது நீ," என்றார் தாழ்ந்த குரலில்.

"சரிங்க," என்றான் பொன்னையா. முன்னால் போய் விமானத்தின் மூக்கிலிருந்த விசிறியைச் சுற்றிவிட்டான்.

விமானம் குதித்துக் குதித்து ஓடியது. சக்கரம் தரையை விட வேண்டிய இடத்தில் சின்னதுரை ஒரு வெள்ளைக் கல்லை வைத்திருந்தார். கல் பின்னால் போயிற்று. சக்கரம் புல்லை விடவில்லை. ஏழு ராத்தல், ஏழு ராத்தல் என்று பொன்னையாவின் மண்டைக்குள் அடித்துக்கொண்டது. விளிம்பு வந்தது. விமானம் அதைத் தாண்டிக் கீழே மறைந்தது. யாரோ ஒரு துரைசாணி வீறிட்டாள்.

பிறகு பள்ளத்துக்குள்ளிருந்து இரைச்சல் ஏறிவந்தது. ஒரு சிறகு சாய்ந்தபடி அது தேயிலை மலைக்கு மேலே திரும்பியது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு அண்ணாந்தார்கள். இஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றுபோனது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. பொன்னையாவின் வலது கை தானாக வெறுங்காற்றைப் பிடித்து இழுத்தது.

இரண்டு காதும் சேர்ந்து தாழ்ந்தன. மூக்கு லேசாக நிமிர்ந்தது. செடிகளின் தலையைத் தடவிக்கொண்டே வந்த விமானம், சக்கரம் சிக்கி, அரை வட்டம் சுற்றி, ஒரு சிறகு பிய்ந்து நின்றது.

எல்லாருக்கும் முன்னால் பொன்னையாதான் ஓடினான். நெற்றியில் ரத்தமும் தொங்கிய கையுமாகச் சின்னதுரை வெளியே தவழ்ந்து வந்தார். பொன்னையா அவரைப் பார்க்கவில்லை. குழாயைப் பார்த்தான். வளையவில்லை. தறைந்த ஆணி ஒன்றுகூட அசையவில்லை. ஆளை விட்டுவிட்டு இரும்பைப் பார்த்தோமே என்று அப்புறம்தான் வெட்கமாக இருந்தது.

மூச்சு வாங்க வந்த பெரியதுரை அந்தத் துருவேறிய குழாயைக் கண்டார். தன் ஸ்டோர் சாமான் அவருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். பொன்னையா பக்கம் திரும்பினார்.

"இது யார் போட்டது?"

கோபமா பாராட்டா என்று அந்த முகத்திலிருந்து தெரியவில்லை.

"நான்," என்றது செடிகளுக்கிடையிலிருந்து ஒரு குரல். சின்னதுரை நல்ல கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். "நான் போட்டது. என் யோசனை." அதையே மற்றவர்களுக்கு இங்கிலீஷிலும் சொன்னார். ஒரு துரை அவர் தோளைத் தட்டினார். இன்னொருவர் சிறு புத்தகத்தை எடுத்துக் குழாயை வரைய ஆரம்பித்தார்.

பொன்னையா சின்னதுரையின் கண்களைத் தேடினான். அவை அவன் பக்கம் வரவில்லை. தன் மேல் விழ இருந்த அடியை அவர் வாங்கிக்கொண்டாரா, தனக்கு வர இருந்த பேரை எடுத்துக்கொண்டாரா? அவனால் தீர்மானிக்க முடியவில்லை.

அவரை நாற்காலியில் வைத்து மேலே தூக்கிப்போனார்கள். கங்காணி சத்தம் போட்டான். பெண்கள் தங்கள் தங்கள் செடி நிரைக்குத் திரும்பினார்கள். பிய்ந்த சிறகு நான்கைந்து செடிகளை மூடிக் கிடந்தது. அந்த நிரை ஜெயலெட்சுமியுடையது. துணியின் விளிம்பு வரை பறித்து வந்தவள், ஒருகணம் நின்றாள். பிறகு தலையால் முட்டித் துணியைத் தூக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் அதன் அடியிலிருந்த கொழுந்தைப் பறிக்கத் தொடங்கினாள்.