ஓரின் வைத்த தண்ணீர்

டேரல் தன் பழைய டிரக்கை, பள்ளத்தாக்குக்குள் இறங்கும் தடம் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, என் முதுகுப்பையை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரன். இந்த மண்சாலையில் வண்டி ஓட்டத் துணிகிற ஒரே ஆள் என்பதால் அவன் வாயைப் பொறுத்துக்கொள்வேன்.

“என்ன வெர்னா, பை இவ்வளவு லேசா இருக்கு? கீழ யாராவது விருந்து வச்சிருக்காங்களா?”

“முப்பது வருஷமா இறங்குறவளுக்கு மூட்டை கட்டத் தெரியாதா? நீ உன் டயரைப் பாரு.”

“தனியாப் போறீங்களேன்னு கேட்டேன்.”

“வீட்டுல இருந்தா மட்டும் ரெண்டு பேரா ஆயிடுவேனா?”

அவன் முகம் சுருங்கிவிட்டது. நாளைக்குச் சாயங்காலம் இதே இடத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். புழுதி அடங்குகிறவரை நின்றேன். அதற்குப் பிறகு சத்தம் என்று எதுவும் இல்லை.

எனக்கு என் புருஷன் ஓரின் மேல் கோபம். செத்தவன் மேல் கோபப்படலாமா என்று தேவாலயத்தில் கேட்டார்கள். எனக்கு வந்தது, பட்டேன். போன வருஷம் இதே பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றங்கரையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஹெலிகாப்டர் வந்து எங்கள் இருவரையும் தூக்கிப் போனது. மருத்துவமனையிலிருந்து நான் மட்டும் வீடு திரும்பினேன். அவன் இல்லாமலும் என்னால் இறங்கி ஏற முடியும் என்று காட்டிவிட நினைத்தேன். யாருக்குக் காட்ட என்று கேட்காதீர்கள்.

தடம் என்று பெயர்தான். பாதி இடங்களில் உருளும் கற்களின் மேல் உட்கார்ந்து சறுக்க வேண்டும். மே மாத வெயிலில் பாறையைத் தொட்டால் கை பொசுங்கும். பாதி இறக்கத்தில், ஒற்றை ஜூனிப்பர் மரம் நிற்கிற பாறைத்திட்டில் உட்கார்ந்து ஒரு ஆப்பிள் தின்றேன். எழுந்து மறுபடி இறங்கினேன்.

ஆற்றை அடைந்தபோது குடுவைகள் காலி. மேலே எங்கோ மழை பெய்திருந்தது போலும், ஆறு செங்கல்லைக் கரைத்துவிட்ட மாதிரி ஓடியது. வடிகட்டி இரண்டு மடக்கு தருவதற்குள் அடைத்துக்கொண்டது. சரி, படிகாரம் போட்டுத் தெளிய வைக்கலாம் என்று பையைத் துழாவினேன். அடுப்பு இருந்தது. சூப் பொட்டலம், ரொட்டி, உப்பு எல்லாம் இருந்தன. கோப்பைகூட இரண்டு இருந்தன. படிகாரம் இல்லை, தெளிய வைக்கும் வாளியும் இல்லை.

சாப்பாடு என் பொறுப்பு, தண்ணீர் ஓரின் பொறுப்பு. கல்யாணமான முதல் வருஷத்தில் பிரித்துக்கொண்டது. நான் என் பாதியை மட்டும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்போதுதான் அந்தப் பாறைத்திட்டு நினைவுக்கு வந்தது. இங்கே இறங்குகிறவர்கள் எல்லோரும் ஏறும்போது குடிப்பதற்காகப் பாதி வழியில் தண்ணீரை ஒளித்து வைப்பார்கள். பெயரும் ஏறும் நாளும் எழுதி ஒட்டியிருக்கும், அடுத்தவர் தொட மாட்டார்கள். நான் அங்கே ஒரு சொட்டும் வைக்கவில்லை. அதுவும் ஓரினின் வேலை அல்லவா. வாய்விட்டுச் சிரித்தேன். எதிர்ப்பாறை என் சிரிப்பை எனக்கே திருப்பித் தந்தது. கேட்கச் சகிக்கவில்லை.

சூப் சட்டியில் ஆற்று நீரை மொண்டு விடியும்வரை தெளிய விட்டேன். கழுத்துத் துணியில் வடித்ததில் ஒரு குடுவைகூட நிறையவில்லை. வெளுக்கும்போதே ஏறத் தொடங்கினேன். பாறைத்திட்டுக்கு வெகு கீழேயே அது தீர்ந்துபோனது. திட்டை அடைந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கண் இருட்டியது. மிச்ச ஏற்றத்தில் பெயருக்குக்கூட நிழல் கிடையாது. இப்படியே ஏறினால் விழுவேன். இங்கேயே கிடந்தால் டேரல் தேடி இறங்குவதற்குள் முடிந்துவிடும். பயந்தேன். சொல்வதற்கென்ன, நன்றாகவே பயந்தேன்.

ஜூனிப்பர் அடியில் சாய்ந்தபோது அவன் குரல்தான் நினைவில் வந்தது. இந்த இடத்துக்கு வந்தாலே, “கொஞ்சம் ஒதுங்கிட்டு வரேன்” என்பான்.

“இறங்கும்போதும் இதே இடம், ஏறும்போதும் இதே இடமா? உன் மூத்திரப்பையில கடிகாரம் கட்டியிருக்கா?”

“எட்டிப் பாக்காதடி. காக்காய்க்கும் உனக்கும் தெரிஞ்சா தண்ணி மிஞ்சாது.”

ஏறும்போது ஒதுங்கிவிட்டுத் திரும்புகையில் அவன் கையில் தண்ணீர் கேன் இருக்கும். எங்கே ஒளித்தான் என்று நான் கேட்டதே இல்லை. போன வருஷமும் இறங்கும்போது ஒதுங்கினான். ஏறும்போது...

போன வருஷம் நாங்கள் ஏறவே இல்லை.

எழுந்து நிற்கத் தெம்பில்லை. மரத்தின் பின்பக்கம் தவழ்ந்து போனேன். பாறை இடுக்கில் கற்கள் அடுக்கியிருந்தன. பெரியது கீழே, சின்னது மேலே. எங்கள் வீட்டு விறகையும் அவன் இப்படித்தான் அடுக்குவான். ஒவ்வொன்றாக எடுத்தேன். உள்ளே அந்தச் சின்ன கேன், மூடி திறக்காமல் நின்றது. ஒட்டியிருந்த பட்டையில் அவனுடைய கோணல் கையெழுத்து. “ஓரின், வெர்னா. சனிக்கிழமை.”

போன வருஷத்துச் சனிக்கிழமை.

தண்ணீர் வெதுவெதுப்பாக, பிளாஸ்டிக் வாடையோடு இருந்தது. குடித்தேன். கொஞ்சம் நிறுத்தி மறுபடி குடித்தேன். “படுபாவி, இப்பவும் உன் கையால வாங்கித்தான் குடிக்கணுமா?” என்று சத்தம் போட்டேன். பிறகு அழுதேன். அவனைப் புதைத்த அன்று வராத அழுகை.

கேனில் பாதி வந்ததும் கை தானாக நின்றது. தாகம் அடங்கவில்லை, ஆனால் பாதி எனக்கு, பாதி அவனுக்கு. எப்போதும் அப்படித்தான். மூடியைத் திருகி, கேனை உள்ளே வைத்து, கற்களைப் பழையபடி அடுக்கினேன். பையை மாட்டிக்கொண்டு முதல் வளைவுவரை ஏறினேன்.

அங்கே வெகுநேரம் நின்றேன். பிறகு இறங்கி வந்து, கற்களை எடுத்துவிட்டு, அவன் பாதியையும் குடித்தேன்.