தெம்பாவின் விசாவுக்கு நான் எழுதிய கடிதம்

தெம்பாவின் விசாவுக்கான கடிதத்தை எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதுவிக்கச் சொன்னாள் என் மனைவி குணவதி. கேட்டேனா? எனக்குத்தான் ஆங்கிலம் கொட்டிக் கிடக்கிறதே!

1996, நியூசிலாந்து. கிழமை நாட்களில் எனக்கு மவுண்ட் வெல்லிங்டனில் பெட்டித் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமைகளில் ஒனிஹங்காவில் ஒரு பப்பில் தெம்பாவின் இசைக்குழு. ஜோகன்னஸ்பர்க் ஓரத்தில், கறுப்பு மக்களை ஒதுக்கிவைத்த டவுன்ஷிப்பில் பிறந்தவன் தெம்பா. அந்தத் தெருக்களின் துள்ளல் இசையைத்தான் இங்கே கொண்டுவந்திருந்தான். யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களில் கிற்றார் அடித்த நான் அவனைவிடப் பதினைந்து வயது மூத்தவன். ஆனாலும் முதல் மாதம் என் விரல் ஓடவேயில்லை. தன் கிற்றாரில் வாசித்துக் காட்டிச் சலிக்காமல் சொல்லித் தந்தான்.

அவனுடைய வேலை விசா முடியவிருந்தது. நீட்டித்தால் மனைவியையும் மகளையும் அழைக்கலாம். மகள் நடக்கத் தொடங்கியதையே அவன் பார்த்ததில்லை, பாவம். தெம்பாவின் திறமையைப் பற்றிக் குழுவிலுள்ளவர்கள் கடிதம் தரவேண்டும் என்றார் வக்கீல்.

குருவின் பெருமைக்குச் சீடனைக் காட்டுவதுதானே நம் வழக்கம்? நானும் இரண்டு பக்கம் எழுதினேன். அவன் என்னை எவ்வளவு நன்றாகப் பழக்கியிருக்கிறான் என்றால், அவன் வாசிப்பது முழுவதையும் இன்று நானே தனியாக வாசிப்பேன் என்று எழுதினேன். கீழே, நியூசிலாந்துப் பிரசை என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. இந்நாட்டவரே செய்யக்கூடிய வேலைக்கு வெளியாளுக்கு விசா கிடையாதாம். ஆதாரத்துக்கு என் கடிதத்தின் வரியையே எடுத்துப் போட்டிருந்தார்கள். நாசமாய்ப் போன கை!

குணவதி அதை வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இஞ்சாருங்கோ, அவன்ர திறமையை எழுதச் சொன்னா, உங்கட திறமையையெல்லே எழுதியிருக்கிறியள்."

வக்கீலிடம் ஓடினேன். எனக்கு ஒன்றும் வாசிக்க வராது, பொய் எழுதிவிட்டேன் என்றேன். இப்போது மாற்றிச் சொன்னால் மற்றவர்களின் கடிதங்களையும் நம்ப மாட்டார்கள் என்று கையை விரித்தார். தெம்பாவாவது என்னைத் திட்டியிருக்கலாம். விமான நிலையத்தில் என் தோளைப் பிடித்து, சனிக்கிழமை நிகழ்ச்சியை மட்டும் நிறுத்திவிடாதே என்றுதான் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை அவன் நின்ற இடத்தில் நான் நின்றேன். ஒரு பாட்டாவது பிழையாய்ப் போகட்டும் கடவுளே என்று வேண்டிக்கொண்டே வாசித்தேன். ஒன்றும் பிழையாய்ப் போகவில்லை. சனம் எழும்பி ஆடியது. தெம்பா எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.