பாட்டுக்கு அடியில் நாற்பத்தொரு விநாடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது நான் தேடிப்போன கதை இல்லை. ஸ்கேன் செய்ய வந்த கதை.

பாறசாலையில் நான் நடத்தும் அக்ஷயா மையத்தில் ஆதார் திருத்தவும் ரேஷன் கார்டில் பேர் சேர்க்கவும் நின்றவர்களுக்கு நடுவே அமரவிளையிலிருந்து பொன்னையன் மாமாவும் நின்றார். என் அம்மாவின் அண்ணன். முறை வந்ததும் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு வீடியோ கேசட்டை எடுத்து ஸ்கேனரின் கண்ணாடிமேல் வைத்தார். மூடியையும் அவரே மூடினார்.

"இத ஸ்கேன் பண்ணித் தா மக்கா."

"மாமா, இது கேசட்டாக்கும்."

"எனக்குத் தெரியாதா? நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே, உள்ள உள்ளத எடு."

மாமாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் அவர் பேசுவது ரோடு வரைக்கும் கேட்கும். வரிசை மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு —' வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைக்கிறவள்.

(ஆ) 'காந்த நாடா என்பது நினைவின் —' சீ! யாராவது பார்ப்பதற்குள் அழித்தேன்.

(இ) இருப்பதை இருப்பதுபோல் சொல்வது. 1993-ல் மாமா அமரவிளையில் வீடு கட்டினார். சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்துகொண்டே கட்டினார். குடிபுகும் நாள் பால்காய்ப்புக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் கல்ஃபிலிருந்து கேமரா கொண்டுவந்திருந்த, செங்கல் என்ற பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்து முழுவதையும் வீடியோ எடுத்தார்கள். புது அடுக்களையில் அவர் கேமராவைப் புஷ்பபாய் மாமியின் முகத்துக்கு நேராகப் பிடித்து, அண்ணனுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க என்றிருக்கிறார். மாமி சொன்னார். நாற்பத்தொரு விநாடி. நான் எண்ணிப் பார்த்தேன்.

என்ன சொன்னார் என்பது யாருக்கும் கேட்காது. மனிதர் பேசுவதெல்லாம் இரைச்சல் என்று நினைக்கிற ஆள் அந்தச் செங்கல்காரர். முழு கேசட்டுக்கும் சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார். போதகர் கையுயர்த்தி ஜெபம் செய்வார், பின்னால் டூயட் ஓடும். கேசட்டை அந்த வாரமே தம்மாம் போகிற ஒருவர் கையில் கொடுத்துவிட்டார்கள்.

3

அந்த நாற்பத்தொரு விநாடிதான் மாமாவுக்கு வேண்டும். டீக்கடையில் வைத்து ஏன் என்று கேட்டேன். அன்று மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கேம்ப்புல வெள்ளிக்கிழம லீவு. டீவியில சத்தத்த முழுசும் கொறச்சிட்டு அவளுக்க வாய மட்டும் பாப்பேன். ஒரு வெள்ளிக்கிழம வாங்கன்னு சொல்லுதது போல இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழம, இப்ப வராண்டாம், பிள்ளைக படிக்கட்டுன்னு சொல்லுதது போல இருக்கும். நானும் பதிலு சொல்லுவேன், டீவிக்கிட்ட. கூட இருந்தவனுவ சிரிப்பானுவ."

"அப்புறம்?"

"பின்ன என்ன, ரண்டுல ஏதுன்னு தெரியாமலே பதினோரு வருஷம் அங்கயே கெடந்தாச்சு. அவ வான்னு சொல்லியிருந்தா, நான் கேக்காம இருந்தவனாக்கும் மக்கா. அத எனக்கு அறியணும்."

[இந்த இடத்தில் மாமாவின் கண் கலங்கியதாக எழுதியிருந்தேன். கலங்கவில்லை. டீ ஆறிப்போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார்.]

4

உங்கள் வீட்டுப் பரணில் கேசட் இருந்தால் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். இல்லாவிட்டால் ஐந்துக்குத் தாவலாம், எனக்குக் கோபம் வராது. (வரும்.)

முதலில் ஆன்லைனில் விரல் நீளத்துக்கு ஒரு யு.எஸ்.பி. குச்சி வாங்கினேன். ஒரு முனை லேப்டாப்பில் போகும், மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வயர். அந்த மூன்றையும் செருக, கேசட் ஓட்டும் டெக் (வி.சி.ஆர்.) ஒன்று வேண்டும் என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் உறைத்தது. கம்ப்யூட்டர் படித்தவள்!

அடுத்தது தெரிந்தவர் வீட்டு டெக். திறந்தால் உள்ளே பல்லி முட்டை. அதற்கடுத்து நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டுடியோ. கொடுத்துவிட்டுப் போங்கள், பென்டிரைவில் தருகிறோம் என்றார்கள். எனக்குச் சம்மதம்தான். மாமாதான் கேசட்டை விடவில்லை. நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டு கவுண்டரில் நின்றோம். "எனக்க கண்ணுக்கு முன்ன செய்யணும்" என்றார். இப்படி மூன்று மாதம் போனது.

5

கடைசியில் உதியன்குளங்கரையில் டீவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் சஜுவிடம் போனோம். அவர் கேசட்டின் மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"பூசணமாக்கும் அக்கா. தொடச்சுத் தாறேன். ஆனா ரண்டு தடவ ஓடும். மூணாவது ஓட்டத்துக்கு நான் பொறுப்பு ஏக்க மாட்டேன்."

"படம் வேண்டாம் சஜு. பாட்ட எடுத்திட்டு மாமிக்க சத்தம் மட்டும் கிட்டுமா?"

முடியாது என்பார், கதையைச் சோகமாக முடித்துவிடலாம் என்று நான் தயாராக இருந்தேன். சஜு தலையைச் சொறிந்தார்.

"டேப்புல ரண்டு எடத்துல சத்தம் உண்டு. ஓரத்துல ஒரு வரி, அது சாதா சத்தம். இன்னொண்ணு படத்துக்கு அடியில, அதாக்கும் ஹைஃபை. பின்னால பாட்டு ஏத்துனா ஓரத்துல உள்ளதுதான் அழியும். அடியில உள்ளத அழிக்கணும்னா படமும் கூடப் போவும். எடுத்தது ஹைஃபை கேமரான்னா, உங்க மாமிக்க சத்தம் அங்கயே இருக்கும்."

மாமாவுக்குப் பாதிதான் கேட்டது. "இருக்கும்" என்பது கேட்டது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கடையில் ஓடுகிற நிலையில் இரண்டு டெக் இருந்தன. சாதா டெக் நாடாவை மெல்லப் பிடிக்கும், பாட்டை மட்டும் தரும். ஹைஃபை டெக் பழையது, முரடு, சில நேரம் நாடாவைச் சுருட்டித் தின்னும். ஆனால் அடியில் இருப்பதைத் தரும். முதல் ஓட்டம் சாதா டெக்கில், அங்கேயே. படமும் பாட்டும் பத்திரமாக என் லேப்டாப்பில் ஏறின. இரண்டாவது ஓட்டத்துக்கு ஹைஃபையை எடுத்துக்கொண்டு அமரவிளைக்குப் போனோம்.

6

இனி எனக்குச் சந்தேகமுள்ள கதாபாத்திரம்: புஷ்பபாய் மாமி.

முதல் பிரதியில் அவரை வாய்பேசாத சாதுவாக எழுதியிருந்தேன். மாமியை அறிந்த எவரும் அதைப் படித்தால் என்னை அடிக்க வருவார்கள். அன்று என்ன சொன்னீர்கள் என்று நான் ஐந்து முறை கேட்டேன். ஐந்து பதில் வந்தது. தேங்காய் விலை சொன்னாராம். அடுக்களை அலமாரிக்குக் கதவு சரியில்லை என்றாராம். செங்கல்காரரைத் திட்டினாராம். மற்ற இரண்டும் அச்சுக்கு ஆகாதவை.

ஹைஃபை டெக்கைக் கண்டதும் முகம் மாறியது.

"பாட்டு உள்ளதே போதும். இருக்கிற டேப்பயும் எதுக்குக் கெடுக்கிய?"

"உங்களுக்கு என்ன சொன்னோம்ன்னு ஓர்மை உண்டா மாமி?"

"ஆருக்கு ஓர்மை? முப்பது வருஷம் ஆச்சு."

நான் பிறந்தபோது எத்தனை கிலோ இருந்தேன் என்பது வரை நினைவிருக்கும் மனுஷி இவர். பொய் என்று தெரிந்தது. அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. டெக் ஒரு வாரம் டைனிங் டேபிளில் துணி மூடிக் கிடந்தது. இந்தக் கதையும் அப்படியே —

7

— கிடந்திருக்கும், எழுதியவரை அச்சடித்து மாமியிடம் கொடுக்கும் புத்தி எனக்கு வராமல் போயிருந்தால். ஆளைப் பற்றி எழுதினால் ஆளிடம் காட்ட வேண்டும் என்பது என் கொள்கை. (திட்டு விழும் என்ற பயமும் உண்டு.)

மாமி கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜெபப் புத்தகம் வாசிப்பதுபோல் வாசித்தார். இரண்டாம் பகுதியில் சிரித்தார். மூன்றாம் பகுதியில் நின்றார். திரும்பவும் முதலிலிருந்து அதையே வாசித்தார்.

"வெள்ளிக்கிழம டீவிக்கிட்டப் பேசுனாருன்னு போட்டிருக்க. இது உள்ளதா? நீயா கெட்டுனதா?"

"மாமா சொன்னது."

"எனக்கிட்டச் சொல்லல்லியே."

கொஞ்ச நேரம் தாளை மடித்தார், பிரித்தார்.

"அந்த டேப்ப நான் பாக்கவே இல்ல மக்கா. எடுத்த உடனே குடுத்து விட்டாச்சு. பாட்டு போட்ட விவரம் எனக்கு என்ன தெரியும்? நான் சொன்னத அவரு கேட்டாச்சு, இனி பதிலு வரும்ன்னு இருந்தேன். பின்ன ஃபோன்ல கூப்பிட்டு, என்னட்டி சொன்னன்னு கேக்காரு. கேட்டிட்டு நடிக்காருன்னு எனக்குக் கோவம். தேங்கா விலை சொன்னேன்னேன். ரண்டாயிரத்தி நாலுல திரும்பி வந்து இந்த ஹாலுல போட்டுப் பாத்தப்பதான் பாட்டு கேக்குது. அப்பளும் சொல்லல்ல. பதினோரு வருஷம் போன பெறவு சொல்லி என்னத்துக்கு?"

 எனக்கு அழுகை வந்தது, அழுதேன். மாமி அழவில்லை.

"கதையில நான் அழுதேன்னு எழுதீராத" என்றார். "அந்த மெஷின மாட்டு."

8

எழுதிவைத்த முடிவுகள்:

முடிவு ஒன்று. ஹைஃபை டெக் நாடாவைத் தின்றுவிடுகிறது. (எழுதச் சுலபம். படிக்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.)

முடிவு இரண்டு. குரல் கேட்கிறது. உண்மையாகவே தேங்காய் விலைதான். (இது எனக்குப் பிடிக்கும்.)

நடந்தது: சனிக்கிழமை காலை பதினொரு மணி. டெக், யு.எஸ்.பி. குச்சி, லேப்டாப், டீவி எல்லாம் மாட்டினேன். கேசட்டை அடுக்களைக் காட்சிக்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். ஆடியோ சுவிட்சைச் சாதாவிலிருந்து ஹைஃபைக்குத் தள்ளினேன். மாமா சட்டையெல்லாம் மாற்றி, தலை சீவி உட்கார்ந்திருந்தார்.

"இனி நீ வெளிய போ பிள்ளே" என்றார் மாமி.

"மாமி, நான்தானே —"

"அவரு கேக்கட்டு. ஊரு கேக்காண்டாம்."

டெக்கில் பிளே, லேப்டாப்பில் சிவப்பு வட்டம், இரண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும் என்று மூன்று முறை சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தினார்கள். செருப்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்று மனசுக்குள் எண்ணினேன். மெல்லிய குரல் ஒன்று கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. எண்ணிக்கை நாற்பத்தொன்றைத் தாண்டிப் போயிற்று. பிறகு மாமாவின் குரல். அவர் குரலுக்குக் கதவெல்லாம் ஒரு பொருட்டா? தெளிவாகக் கேட்டது.

"மெல்லச் சொல்லுங்க, வெளிய பிள்ள நிக்கா" என்றார் மாமி. அவர் குரல் சரியாக இல்லை. (அழுதார் என்று நான் எழுதவில்லை, கவனிக்கவும்.)

உள்ளே போனபோது கேசட் மாமியின் கையில் இருந்தது, முழுசாக. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியின் முந்தானை நுனி அவர் கையில் இருந்தது. லேப்டாப்பில் அந்தப் பழைய பாட்டு ஃபைல் ஒன்றுதான்.

"மாமி! சிவப்பு வட்டம்?"

"மறந்து போச்சு மக்கா."

மறந்தாராம். மூன்று மாதம், ஒரு குச்சி, ஒரு டெக் பல்லி முட்டை, ஒரு ஸ்டுடியோச் சண்டை! கேசட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மாமி எனக்கு டீ போடப் போனார். என்னால் கோபப்பட முடியவில்லை. பட்டுப் பார்த்தேன், வரவில்லை.

ஆகவே அந்த நாற்பத்தொரு விநாடி என்னிடம் இல்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் தாண்டி எனக்குக் கேட்ட மாமாவின் பதில் மட்டும் இருக்கிறது. அதற்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

(                                                            )

"வாறேன்ட்டி. இந்தா, வாறேன்."