வேலுசாமியின் இடதுகைத் துப்பாக்கி

செவ்வாய்ப்பேட்டையில் சகாயராஜின் துப்பாக்கிப் பட்டறை அவன் பாட்டன் காலத்தது. லைசென்ஸும் அவன் பெயரில்தான், போர்டும் அவன் பெயரில்தான். ஆனால் உள்ளே நுழைகிறவர்கள் கேட்பதென்னவோ, "அக்கா இருக்காங்களா?"

அக்கா என்பது அவன் மனைவி அக்சிலியா. கட்டை இழைப்பது, கல்லைக் கவ்வி அடிக்கிற குதிரையை அராவுவது, வில் வளைப்பது எல்லாம் அவன். அவள் செய்வது ஒன்றே ஒன்று. குதிரை வாயில் கவ்விய சக்கிமுக்கிக் கல் போய் உரசுகிற உருக்குத் தகட்டை உலையில் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பாள். அவள் தோய்த்த தகட்டில் பொறி பூவாகக் கொட்டும். அவன் தோய்த்ததில் பீடிகூடப் பற்றாது. உழுகிறவன் ஒருத்தன், பேர் வாங்குகிறவள் ஒருத்தியா என்று அவனுக்கு வயிறு எரிந்தது.

சங்ககிரி வேலுசாமி லாரி முதலாளி, இடதுகைக்காரர். அவருடைய பரம்பரைத் துப்பாக்கியில் குதிரையும் தகடும் சேர்ந்த விசை வலப்பக்கம். இடத்தோளில் வைத்துச் சுட்டால் தீ முகத்தில் அடிக்கும். அதை இடப்பக்கம் மாற்றிக் கேட்டார். கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒவ்வொரு துண்டையும் திருப்பிச் செய்ய வேண்டிய வேலை. சகாயராஜ் உயிரைக் கொடுத்துச் செய்தான். முடிந்ததென்று போனில் சொன்னால், மனிதர் கேட்டார்: "ஏனுங்க, தகடு அம்மிணி கையாலதானுங்களே பதம் போட்டது? அப்பன்னா சரிங்க."

அக்சிலியா ஞாயிறு பூசைக்குப் போயிருந்தாள். அவன் தகட்டைக் கழற்றி மறுபடி உலையில் வாட்டினான். பதம் இறங்கி, உருக்கின் கடினம் போய்த் தகடு நீலமானது. எமரித்தாளால் தேய்த்து வெள்ளையாக்கி மாட்டிவிட்டான். வேலுசாமி முன்னால் பொறி வராது, அவள் முகம் தொங்கும், அது போதும். அப்புறம் துப்பாக்கிக்கு என்ன வழி என்று அவன் யோசிக்கவே இல்லை. தன் மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை செய்வது என்பார்களே, அதுதான். இங்கே எதிரி, தினமும் சோறு போடுகிறவள்.

மறுநாள் வேலுசாமி வந்தார். மருந்தில்லாமல் வெறுமனே விசையைத் தட்டிப் பார்த்தார். டக். பொறியில்லை. மறுபடியும் டக்.

அக்சிலியா துப்பாக்கியை வாங்கித் தகட்டைக் கழற்றினாள். மேலெல்லாம் வெள்ளை. எமரித்தாள் நுழையாத திருகு ஓட்டைக்குள் மட்டும் மயில்கழுத்து நீலம். தலையைத் தூக்கிப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். சகாயராஜ் மனசுக்குள் கணக்குப் போட்டான். இவள் இப்போது வாயைத் திறந்தால் பட்டறையும் போச்சு, குடித்தனமும் போச்சு.

"என் தப்புங்க," என்றாள் வேலுசாமியிடம். "சூடு கூடிப்போச்சு. அவரு வேலையில ஒரு குத்தமும் இல்லைங்க. இடக்கை விசையை இப்படிச் செய்ய இந்தப் பக்கம் ஆளே கிடையாது. உக்காருங்க, தோய்ச்சுத் தாரேன்."

தோய்த்து மாட்டினாள். பொறி கொட்டியது. வேலுசாமி சகாயராஜின் தோளைத் தட்டினார். "உங்க கை கையில்லீங்க! என்னமா செஞ்சிருக்கீங்க!"

அவன் இத்தனை காலம் ஏங்கிய வார்த்தை. அதையும் அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். இதுவரை அவள் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன், இனி மனசையும் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியதாகிவிட்டது.

லாரிக்காரர் போனதும் அவள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த தடவை ஓட்டைக்குள்ளயும் தேய்ச்சிருங்க."