நான்காம் தட்டின் மயிர்க்கால்

ஃபர்ஹத்துக்குப் பதினாறு வயதில் புழுவெட்டு வந்தது. ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் தொடங்கி, ஆறே மாதத்தில் தலை முழுவதையும் வழித்துவிட்டது. உதிர்ந்த முடியை எல்லாம் உம்மா தாளில் பொதிந்து, வீட்டுக்குப் பின்னால் மருதாணிச் செடியடியில் புதைத்தாள். அன்னிய ஆணின் கண்ணில் பெண்ணின் முடி படக்கூடாது, உதிர்ந்ததானாலும் சரி. எட்டு வருடமாயிற்று. துப்பட்டிக்குள் என்ன இல்லை என்பது தெருவுக்குத் தெரியாது.

பேட்டையில், மயிர்க்கால்களை உடம்புக்கு வெளியே வளர்த்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தைத் தேடிப்போய்த்தான் வேலைக்குச் சேர்ந்தாள். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. முடிமாற்று சிகிச்சையில் மிஞ்சும் தோல் துணுக்குகளிலிருந்து மயிர்க்கால்களைப் பிரித்து, ஊட்டநீரில் இட்டு, சூட்டுப்பெட்டிக்குள் உடம்புச் சூட்டிலேயே வைப்பார்கள். நல்ல மயிர்க்கால் மூன்று நாளில் ஒரு மில்லிமீட்டர்கூட நீளும். பத்து நாளில் ஓய்ந்துவிடும்.

"புழுவெட்டுல மயிர்க்கால் சாகுறதில்ல," என்று தலைவி சித்ரலேகா ஒருநாள் சொன்னார். "நம்ம உடம்போட காவல் அணுக்களே அதை எதிரின்னு நெனச்சு அடிக்குது. அடிதாங்காம அது ஒடுங்கிக் கெடக்கு."

"அப்ப வெளிய எடுத்து வச்சா முழிக்குமா மேடம்?"

தான் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்து ஃபர்ஹத்தால் மீள முடியவில்லை. முறைப்படி கையெழுத்துகள் போட்டு, வண்ணார்பேட்டையில் தோல் மருத்துவரிடம் தன் பின்மண்டையிலிருந்து மிளகளவு தோல் எடுக்கக் கொடுத்தாள். நான்கு மயிர்க்கால்கள் தேறின. நான்கு தட்டுகள். பெயர் கிடையாது, எண் மட்டும்.

மூன்றாம் நாள் மூன்று தட்டுகளில் அசைவே இல்லை. நான்காவது 0.6 மில்லிமீட்டர் நீண்டிருந்தது. மறுபடி அளந்தாள். அதே 0.6. ஆனாலும் நம்ப முடியவில்லை. எட்டு வருடம் ஏங்கிய கண் அளவுகோலை நேராகவா பார்க்கும்? முதல் அளவு தெரியாத இன்னொருவர் அளந்தால்தான் கணக்கில் சேரும் என்பது அங்கே விதி. சித்ரலேகா பத்து நாள் வெளியூர். இருந்தவர் நடராஜ் மட்டுமே, மூத்த டெக்னீஷியன்.

"ஒண்ணு அளந்து தரணும்ண்ணே."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து நுண்ணோக்கியின்மேல் குனிந்தார். ஃபர்ஹத்தின் கை தானாக எழுந்தது. துப்பட்டியின் முனையை இழுத்து நுண்ணோக்கியை மூடிவிட்டாள்.

"ஏ தாயீ! தலையில போடுகத மிசினுக்குப் போட்டுட்டியே. அதுக்கும் வெக்கமா?"

அவள் சிரிக்கவில்லை. நடராஜ் அவள் முகத்தைப் பார்த்தார், பெயரில்லாத தட்டைப் பார்த்தார். சிரிப்பு அடங்கி, ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"நா பாக்கட்டுமா? இல்ல, மேடம் வந்தபெறகு அவுகளே அளக்கட்டுமா?"

மேடம் வருவதற்குள் அது ஓய்ந்துவிடும். ஃபர்ஹத் நுண்ணோக்கியிலிருந்து துப்பட்டியை விலக்கிக்கொண்டாள்.

வெகுநேரம் குனிந்திருந்தார். "பையத்தான் வளருது. ஆனா நல்ல கறுப்பு."

"எவ்வளவுண்ணே?"

"பூஜ்யம் புள்ளி நாலு."

மிச்சம் 0.2 அவள் ஆசை வளர்த்தது. நோட்டில் தன் எண்ணின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 0.4 என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கினாள்.

"முடிஞ்சபெறகு இத எரிக்கத்தான் அனுப்பணுமோ?"

"ஆமாம்மா. விதி அப்படி."

மருதாணிச் செடி நினைவுக்கு வந்தது. தட்டைச் சூட்டுப்பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடிக் கதவை மூடினாள். கண்ணாடிக்கு அந்தப்புறம் அவளுடைய முடி வளர்ந்துகொண்டிருந்தது, அவள் உடம்பு எட்டாத இடத்தில். பின்மண்டைத் தையல் அரித்தது. துப்பட்டியின் மேலாகவே, விரலால் மெல்லத் தடவிப் பார்த்தாள்.