சா.பெரி. செவந்தி

செவந்திக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டில் அடுப்படி ஏனமெல்லாம் தேய்ப்பாள். காலையில் தம்பி நாச்சியப்பனின் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை போய்த் திரும்புவாள். ஒரு நாளாவது வாசலுக்கு உள்ளே போக வேண்டும் என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். பெரியவளானதும் படிப்பு நிறுத்தப்பட்டவள் நான். என்னிடம் சொன்னது வெளியே போகாது.

ஆனி மாதம் வெள்ளைச்சாமி வாத்தியார் பிள்ளை சேர்க்க வந்தார்.

"வீட்டுல படிக்கிற பிள்ளை, இனிச் சேர்ற பிள்ளை எல்லாப் பேரையும் எழுதிக் குடுங்க ஆச்சி."

என்னைப் பெற்ற ஆத்தாவுக்குக் கையெல்லாம் வடக மாவு. கதவுக்குப் பின்னால் நின்ற என்னிடம் தாளைத் தள்ளிவிட்டாள்.

நாச்சியப்பன் பேரை எழுதினேன். அதன் கீழே செவந்தி பேரையும் எழுதினேன். அவள் அப்பா பேர் தெரியாது. கேட்க வாய் வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் கடைக்கும் அடையாள எழுத்தான 'சா.பெரி.' விலாசத்தையே அவளுக்கும் முன்னால் போட்டுவிட்டேன். அந்த விலாசத்தைச் சொன்னால் எங்களைப் பெற்ற அப்பச்சி கடை வைத்திருக்கும் பினாங்கு வரை தெரியும்.

ஒரு வாரம் கழித்து நாச்சியப்பன் அழுதுகொண்டு வந்தான்.

"வாத்தியாரு தெனமும் 'சா.பெரி. செவந்தி ஆப்சென்ட்'டுங்கிறாரு ஆத்தா. எதிர்வீட்டுப் பய சிரிக்கிறான்."

ஆத்தா வாத்தியாரை ஆளனுப்பி வரவழைத்தாள். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்தப் பேரை அடிச்சிருங்க."

"அடிக்கலாம் ஆச்சி. இன்ஸ்பெக்டர் வந்தா ஏன்னு கேப்பாரு. சா.பெரி. வீட்டுல அனுப்ப முடியலையாம்னு சொல்லிரவா?"

எதிர்வீட்டு வாசலில் அலமேலு ஆச்சி காய்ந்த மிளகாயையே திரும்பத் திரும்பத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுல என்ன முடியாது? நாளைக்கே வருவா."

"அப்ப ஏனம்?" என்று கேட்டது செவந்திதான்.

ஆத்தா என்னைப் பார்த்தாள். "பேனா பிடிச்ச கை சும்மாத்தான இருக்கு."

மறுநாள் சாயங்காலம் செவந்தி படியேறுமுன் ஆத்தா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு ஆச்சி. 'உள்ளேன் ஐயா'ன்னேன்."

"கேக்குற மாதிரி சொன்னியா? எங்க, சொல்லு."

செவந்தி சொன்னாள். தெருக்கோடி வரை கேட்டது.

ஏனம் தேய்த்த சாம்பல் கையோடு நான் ஜன்னலுக்கு ஓடினேன். அலமேலு ஆச்சியின் கை மிளகாயில் அப்படியே நின்றிருந்தது. அவள் தன் வீட்டுக்குள் திரும்பி, வாத்தியாரிடம் பேர் எழுத ஒரு தாள் வாங்கி வரும்படி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டிலும் ஏனம் தேய்க்க ஒரு சிறுமி இருந்தாள்.