தையல்காரரின் காவலாட்கள்

தையல்காரரின் வயிற்றைத் திறந்த அன்று, அவர் உடம்பைக் காத்துவந்த காவலாட்கள் அத்தனை பேரும் வெளியே இறங்கி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆளுக்குக் கடுகளவுதான் இருப்பார்கள். அந்த ஓரத்தை மட்டும் கூட்ட வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவைத்தார்.

எல்லாவற்றுக்கும் காரணம் தையல்காரரின் தொழில்புத்திதான். அவருக்கும் மனைவிக்கும் ஒரே மாதத்தில் பித்தப்பையில் கல். மனைவிக்கு நாலு சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, பையை எடுத்துவிட்டார்கள். மறுநாளே நடந்து வீட்டுக்குப் போனார். உள்ளே ஒரு சாமான் குறைந்ததே அவருடைய காவலாட்களுக்குத் தெரியாது. தையல்காரர் அந்தத் துளைகளைப் பார்த்து முகம் சுளித்தார். "லைனிங்ல கோளாறுன்னா கோட்டைப் பிரிச்சுத்தான் பாக்கணும். ஓட்டைக்குள்ள விரலை விட்டுத் தைக்கிறவன் தையல்காரனா?" டாக்டர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் மனிதர் மசியவில்லை. ஒரு சாண் நீளத்துக்குத் திறந்தார்கள். காவலாட்கள் அவ்வளவு பெரிய வாசலைக் கண்டதில்லை. என்ன கலாட்டா என்று பார்க்க வந்தவர்கள், தையல் போட்டு முடிப்பதற்குள் திரும்பவில்லை.

உடம்பு ஆளில்லாத வீடாகிப்போனது. வார்டில் இருந்த சளி, இருமல் எல்லாம் கேட்பாரின்றி நுழைந்தன. பிறகு வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை. மருந்து பாதி வேலைதான் செய்யும், மீதியை உடம்புதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் எங்கோ பார்த்தபடி சொன்னார். மனைவி வராந்தாவுக்குப் போய்க் குனிந்து கெஞ்சினார். "வேடிக்கை பாத்தது போதும்பா. உள்ள வாங்க. அவரு தாங்கமாட்டாரு." அவர்கள் மிரண்டுபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். பாவம், கத்தியையும் ஊசியையும் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவர்கள், அவர்களையும் குறைசொல்வதற்கில்லை.

மனைவி திரும்பி வந்து, கணவரின் கையைப் பிடித்தபடி தன் ஆட்களிடம் பேசினார். "எனக்கு ஒண்ணும் ஆகாது. பாதிப் பேர் அவருகிட்ட போங்க." ஒரு மணிக்கட்டிலிருந்து இன்னொரு மணிக்கட்டுக்கு அவர்கள் வரிசையாகப் போனதை நர்ஸும் பார்த்தார். சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. தையல்காரர் கண்ணைத் திறந்து, "கையை விடு, வேர்க்குது" என்றார். அதுவரை அழாத மனைவி அப்போதுதான் அழுதார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது, வராந்தாவில் இருந்தவர்களை மனைவி ஒரு பட்டன் டப்பாவில் அள்ளிக்கொண்டார். கடையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் டப்பா திறந்தே இருந்தது. பயம் தெளியத் தெளிய அவர்கள் ஒவ்வொருவராக இறங்கி, அந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தார்களோ அவருக்குள் போய்விட்டார்கள். யாருடைய ஆள் யாரிடம் இருக்கிறான் என்று பிறகு ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. தையல்காரரும் இப்போது கோட்டை முழுசாகப் பிரிப்பதில்லை, விரல் நுழையும் அளவுக்குத் திறந்தே லைனிங்கைச் சரிசெய்துவிடுகிறார். வேலைக்கு நடுவே அவர் தும்மினால், துணி கொடுக்க வந்தவர்கள் அவர் மனைவியைப் பார்த்துத்தான், "உங்களுக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்கிறார்கள்.